ஆம்பளைங்க வெளிய இருங்க

காலையிலிருந்து ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இன்றைக்குத் தேவியின் ஸ்கேன் ரிசல்ட். தேவி எனக்குச் சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை. நான் நர்ஸாக இருந்த கிளினிக்குக்கு வந்தவள். அவள் மார்பில் கட்டி இருக்கிறது என்று தடவிப் பார்த்துச் சொன்னது நான். ஆப்பரேஷன் முடிந்து, கீமோ முடிந்து, இரண்டு வருடமாக நன்றாகத்தான் இருந்தாள். போன மாதம் முதுகு வலிக்கிறது என்றாள். பழைய நோய் எலும்புக்குப் போயிருக்கிறதா என்று பார்க்க டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. முதுகு வலி என்றால் முதுகு வலியாக மட்டும் இருக்கட்டும் என்று மாரியம்மனிடம் மன்றாடிக்கொண்டிருக்கிறேன்.

சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும், அதனால் எழுதுகிறேன். கிளினிக்கில் இப்போது இருக்கும் நர்ஸ் பிள்ளைகள், "மிஸ்ஸி, ஒங்க அனுபவத்த எழுதிக் குடுங்க லா" என்று ஒன்றரை வருடமாக நச்சரிக்கிறார்கள். விருது வாங்கிய கதை எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். நான் செய்த தப்பைத்தான் எழுதப்போகிறேன்.

1. பெஞ்சு

நான் பிறந்தது சுங்காய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். முதல் போஸ்டிங்கும் அந்தப் பக்கமே கிடைத்தது. வேலையில் சேர்ந்த முதல் நாள் பெரிய சிஸ்டர் என்னை ஒரு தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். பால்வெட்டு முடித்து வந்த பொம்பளைகளை, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் உட்காரவைத்து, மார்பை எப்படித் தடவிப் பார்ப்பது என்று நான் சொல்லித்தர வேண்டும். வாயைத் திறந்ததுதான் தாமதம், வாசலில் நாலு ஆம்பளைகள் வேடிக்கை பார்க்க வந்து நின்றார்கள். ஒரு பொம்பளை தலை நிமிரவில்லை. கேட்ட கேள்விக்கு ஒரு பதில் இல்லை.

சிஸ்டர் எழுந்து போய் அவர்களை விரட்டினார். ஜன்னலில் ஒரு கைலியை இழுத்துக் கட்டினார். அவ்வளவுதான், அத்தனை பேர் வாயும் திறந்துகொண்டது. "பாத்தியா? ஆம்பளைய வெளிய அனுப்பிட்டு அப்புறம் பாடம் நடத்து" என்றார். நியாயமான பேச்சுதான். நான்தான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு முப்பது வருடத்துக்கு மேல் ஓட்டினேன்.

கடைசியாக நான் இருந்தது ஈப்போவில், புந்தோங் பக்கத்துக் கிளினிக். செவ்வாய்க்கிழமை அங்கே பொம்பளைங்க நாள். பிரஷர், இனிப்பு நீர், கருப்பை வாய்க்குப் பாப் ஸ்மியர், மார்பகப் பரிசோதனை எல்லாம் ஒரே அறையில், நடுவில் ஒரு திரைதான். வெளியே நீளமாக ஒரு பெஞ்சு. எட்டு மணிக்கு நான் வந்து கையைத் தட்டுவேன். "ஆம்பளைங்க எல்லாம் வெளிய இருங்க! பொம்பளைங்க நம்பர் எடுத்துட்டு உக்காருங்க!" எனக்கு மைக் தேவையில்லை. நர்ஸை எங்கள் ஆட்கள் மிஸ்ஸி என்பார்கள்; எனக்குச் சத்தக்கார மிஸ்ஸி என்றுதான் ஊரில் பேர்.

ஆம்பளைகளுக்கும் அது கொண்டாட்டம்தான். தப்பித்தோம் பிழைத்தோம் என்று எதிரே இருக்கும் ஒட்டுக்கடைக்கு ஓடிவிடுவார்கள். 'தே ஓ' என்கிற பாலில்லாத தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு, நாலு நம்பர் லாட்டரியைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். பெண்டாட்டி வெளியே வந்தால், "முடிஞ்சிச்சா? போலாமா?" அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்ட ஆளை நான் பார்த்ததில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும், நான் கையைத் தட்டியும் ஒருவர் மட்டும் எழுந்திருக்கவில்லை. ஐம்பது வயது இருக்கும், லோரி ஓட்டுகிறவர். தோளில் வெள்ளைத் துண்டு, கையில் பெண்டாட்டியின் கிளினிக் அட்டை. என்னைவிட இளையவர்தான். ஆனால் லோரி ஓட்டுகிற எல்லாருமே எங்கள் ஊரில் அண்ணன்தான்.

"மிஸ்ஸி, நானும் கொஞ்சம் உள்ள வந்து..." என்று இழுத்தார்.

"உள்ள ஒங்களுக்கு என்ன வேலண்ணே? ஒங்களுக்கும் சேத்துப் பாக்கணுமா?" என்றேன்.

பெஞ்சே குலுங்கிச் சிரித்தது. அவர் முகம் சிவந்துபோய் எழுந்து போனார். எனக்கு அன்றைக்குப் பூரா ஒரே குஷி. வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லிச் சிரித்தேன்.

அவர் மனைவிதான் தேவி. அன்றைக்குப் பிரஷர் பார்க்க வந்திருந்தாள். "மார்பகமும் பாத்துடலாமா?" என்று கேட்டேன். "இன்னொரு நாளைக்கு மிஸ்ஸி, வேலைக்கு நேரமாச்சு" என்றாள். ஸ்கூலில் துப்புரவு வேலை. வெளியே இன்னும் இருபது பேர் காத்திருந்தார்கள். பிரஷரை எழுதி, மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

2. அரிசி வாளி

தைப்பூசம் முடிந்து தேவி தனியாக வந்தாள். பாப் ஸ்மியர் தேதி. "இன்னிக்குத் தப்பிக்க முடியாது" என்று சொல்லி மார்பையும் பார்த்தேன். இடது பக்கம், மேலே, கக்கத்தை ஒட்டி விரல் நின்றது. கொட்டைப்பாக்கு அளவு. தள்ளினால் நகரவில்லை. என் முகத்தை மாற்றாமல் வைத்துக்கொள்ள நான் பழகியவள். ஆனால் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கட்டியா மிஸ்ஸி?"

"கட்டிதான். எல்லாக் கட்டியும் கெட்ட கட்டி இல்ல. பெரிய ஆஸ்பத்திரில பாத்துருவோம்."

"அவருக்குச் சொல்லணுமா?"

"சொல்லு லா. ஒன் வீட்டுக்காரர்தானே?"

அவள் தலையைக் குனிந்துகொண்டு ரவிக்கைக் கொக்கியை மாட்டினாள்.

ஆஸ்பத்திரிக்குப் பேசி இரண்டு வாரத்தில் தேதி வாங்கினேன். லெட்டரைக் கையில் கொடுத்து, மூன்று தடவை தேதியைச் சொல்லச் சொன்னேன். அந்தத் தேதியில் அவள் போகவில்லை. ஃபோன் அடித்தேன், எடுக்கவில்லை. மறுநாள் அடித்தேன், ஃபோனையே அடைத்து வைத்திருந்தாள். இந்த மாதிரிப் போய் ஒளிந்துகொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு வருடம் கழித்து வருவார்கள். அப்போது கொட்டைப்பாக்கு கொட்டைப்பாக்காக இருக்காது.

வெள்ளிக்கிழமை அவள் வீட்டுக்கே போய்விட்டேன். புந்தோங்கில் பிளாட், மூன்றாவது மாடி. அன்றைக்குச் சாயங்காலம் கோயில் மாதர் பிரிவில் எனக்கு ஒரு பேச்சு இருந்தது. அதனால் கையில் பழைய ரொட்டி டின் ஒன்று. அதில்தான் சிலிக்கான் மாடலை வைத்திருப்பேன். மார்பகம் மாதிரியே செய்து, உள்ளே பயறு மாதிரி நாலைந்து கட்டிகள் வைத்திருப்பார்கள். விரலால் அமுக்கித் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

கதவைத் திறந்ததும் தேவி அழுதுவிட்டாள். சமையலறைக்கு இழுத்துப்போய், அரிசி வாளிக்குள் கையை விட்டு லெட்டரை எடுத்துக் காட்டினாள். பிளாஸ்டிக் பையில் சுற்றி அரிசிக்குள் புதைத்து வைத்திருந்தாள்.

"அன்னிக்குன்னு பாத்து அவரு லோரி ஒர்க்‌ஷாப்புல நின்னுபோச்சு மிஸ்ஸி. அவரு வீட்டுல இருக்காரு. என்னா சொல்லிட்டுப் போவேன்?"

"ஒடம்புக்கு முடியலன்னு சொல்லிட்டுப் போறதுதானே!"

"ஒங்களுக்குத் தெரியாது மிஸ்ஸி. எங்க தோட்டத்துல ஒரு அக்காவுக்கு இப்படித்தான் ஆச்சு. அறுத்துட்டு வந்தாங்க. அவங்க வீட்டுக்காரரு அன்னிக்குப் பாயத் தூக்கிட்டு வாசல்ல வந்து படுத்தவருதான். அவங்க சாவுற வரைக்கும் உள்ள வரல." குரல் இறங்கிப்போனது. "இவரு இப்பவே மாறிட்டாரு. தீபாவளிலேர்ந்து என் பக்கமே வாரதில்ல. கை பட்டாக்கூட நெருப்பு பட்ட மாதிரி எடுத்துக்கிறாரு. இந்த நேரத்துல இத வேற சொன்னா..."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த ஆள் மேல்தான். கட்டின பெண்டாட்டி பயந்து அரிசிக்குள் லெட்டரைப் புதைத்து வைக்கும்படி ஒரு மனுசன் நடந்துகொள்வானா? இன்றைக்கு வரட்டும், நாலு கேள்வி நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்டுவிட்டுத்தான் போவது என்று நாற்காலியில் சப்பணம் போட்டு உட்கார்ந்தேன். கேட்க முடியாது என்பதும் தெரியும். நோயாளி வேண்டாம் என்றால் நர்ஸ் வாயைத் திறக்கக் கூடாது.

3. ரொட்டி டின்

கொஞ்ச நேரத்தில் அவள் வீட்டுக்காரர் குணா வந்தார். அதே வெள்ளைத் துண்டு. எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலையை லோரியில் ஏற்றிவிட்டு வந்த வாடை. என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். தேவி என் பின்னால் நின்று, சொல்லாதே என்று என் தோளைக் கிள்ளினாள்.

"பிரஷர் பாக்க வந்தேண்ணே, இந்தப் பக்கம் ஒரு வேல" என்று புளுகினேன்.

"உக்காருங்க மிஸ்ஸி. பசியாறிட்டீங்களா? தேவி, மிஸ்ஸிக்குத் தண்ணி கலக்கு." நல்ல மரியாதையான மனுசன். அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது. தேவி தேத்தண்ணி கலக்கச் சமையலறைக்குப் போனாள். மேசையில் இருந்த டின்னைப் பார்த்துச் சிரித்தார். "இது என்னா மிஸ்ஸி, பலகாரமா?"

நான் ஐயோ என்பதற்குள் மூடியைத் திறந்துவிட்டார்.

மற்ற ஆம்பளையாக இருந்தால் சிரித்திருப்பான், இல்லை என்றால் சூடு பட்ட மாதிரி மூடியிருப்பான். குணா இரண்டும் செய்யவில்லை. அதை வெளியே எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார். பிறகு கட்டைவிரலால் மெதுவாக அமுக்கினார். நேராக மேலே, ஓரமாகப் போனது விரல். அங்கே ஒரு கட்டி இருக்கிறது. எங்கள் நர்ஸ் பிள்ளைகளே தேடித் தடவித்தான் அதைக் கண்டுபிடிப்பார்கள். குணாவின் விரல் போய் அதன் மேல் நின்றது.

"இப்படி இல்ல மிஸ்ஸி" என்றார். "இத விடக் கெட்டி."

சமையலறையில் கரண்டி சத்தம் நின்றது.

"எது கெட்டிண்ணே?"

அவர் தலையைத் தூக்கவில்லை. "தேவிக்கு. இந்த எடத்துலதான்."

"எப்பலேர்ந்து தெரியும்?"

"தீபாவளிக்கு முன்னாடி. கை பட்டுச்சு. அன்னிக்கு ராத்திரி பூரா தூங்கல மிஸ்ஸி."

"தெரிஞ்சும் வாய மூடிட்டு இருந்தீங்களா? அஞ்சு மாசமாவா? பொண்டாட்டி உயிருண்ணே!" என் சத்தம் மேல் மாடிக்கே கேட்டிருக்கும்.

அப்போதுதான் அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"அதத்தான் சொல்ல வந்தேன் மிஸ்ஸி. ஒரு நாள் சம்பளம் போனா போவுதுன்னு லீவு போட்டு, பிரஷர் செக்கப்புன்னு சாக்குச் சொல்லி இவளக் கூட்டிட்டு வந்தேன். இவகிட்ட அத எப்படி வாய் விட்டுச் சொல்றது? மாலுவா இருந்துச்சு. நர்ஸுகிட்ட மெதுவா சொல்லிட்டா அவங்களே பாத்துப்பாங்கன்னு நெனச்சேன். நீங்க வெளிய இருக்கச் சொல்லிட்டீங்க."

பெஞ்சு. வெள்ளைத் துண்டு. 'ஒங்களுக்கும் சேத்துப் பாக்கணுமா?' அத்தனையும் ஒரே நேரத்தில் என் முன்னால் வந்து நின்றது. இந்த மாலு என்கிற மலாய்ச் சொல்லை எங்கள் ஆட்கள் வெட்கத்துக்கும் சொல்வார்கள், மானத்துக்கும் சொல்வார்கள். அந்த மனுசனின் மாலுவை இருபது பேர் முன்னால் வைத்துச் சிரிக்க வைத்தவள் நான்.

"தேவி வெளிய வந்தோன்ன என்ன சொன்னாங்கன்னு கேட்டேன். பிரஷர் மட்டும் கொஞ்சம் கூட, வேற ஒண்ணும் இல்லன்னா. சரி, மிஸ்ஸி எல்லாம் பாத்திருப்பாங்க, நமக்கு என்ன தெரியும், பொம்பள ஒடம்பு அப்படித்தான் போலன்னு விட்டுட்டேன். ஆனா மனசு கேக்கல. தொட்டா மறுபடியும் கையில படுமோன்னு பயம். அதான் தொடாமயே..."

தேவி கதவோரத்தில் நின்றுகொண்டிருந்தாள். கையில் அரிசித் தூசி படிந்த பையோடு அந்த லெட்டர். அவள் அவரைப் பார்த்துக் கேட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"இதுக்காகவா என்னத் தொடல?"

அவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார். அவள் சத்தமாக அழுதாள். லெட்டரை அவர் கையில் கொடுத்துவிட்டு அழுதாள். நான் கோயில் பேச்சுக்குப் போகவில்லை. அந்த டின்னை மூடக்கூட எனக்குக் கை வரவில்லை.

4. அஞ்சு மாசம்

மறுபடியும் ஆஸ்பத்திரியில் கெஞ்சித் தேதி வாங்கினேன். ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். ரிசல்ட்டுக்குக் காத்திருந்த நாட்களில் குணா லோரியை நிறுத்திவிட்டு நிறுத்திவிட்டு எனக்கு ஃபோன் அடிப்பார். ஆம்பளைகளுக்கு மனசில் எவ்வளவு கேள்வி இருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. "மிஸ்ஸி, இது தொத்துமா?" "மிஸ்ஸி, கத்தி பட்டா ஒடம்பு பூரா பரவிடும்னு ஒட்டுக்கடையில சொல்றாங்களே, நெசமா?" "மிஸ்ஸி, நான் தொட்டுத்தான் பெருசாச்சா?" கடைசிக் கேள்விக்கு நான் சொன்ன பதிலை அவர் மூன்று நாள் மூன்று தடவை கேட்டார். "இல்லண்ணே. நீங்க தொட்டுத்தான் தெரிஞ்சிச்சு."

ரிசல்ட் நாளன்று நான் லீவு போட்டுக்கொண்டு கூடப் போனேன். நம்பர் வந்ததும் ஒரு மலாய்க்கார நர்ஸ் பிள்ளை கதவைத் திறந்து, சிரித்த முகமாக, "ஹஸ்பன் துங்கு லுவார் யா" என்றாள். வீட்டுக்காரர் வெளியே இருக்கணுமாம். அவள் மேல் என்ன தப்பு? நான் முப்பது வருடமாகத் தமிழில் சொன்னதைத்தான் அவள் மலாயில் சொன்னாள்.

குணா என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே, "சாயா மாசோக் செகாலி, மிஸ்ஸி" என்றார். நானும் உள்ளே வருகிறேன். சத்தமாகத்தான் சொன்னார், காரிடாரில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பிள்ளை கதவை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்துவிட்டாள். அவ்வளவுதான். கேட்டால் திறக்கிற கதவுதான் அது.

டாக்டர் இளவயதுப் பொம்பளை. கான்சர்தான், இரண்டாம் கட்டம், ஆப்பரேஷன் செய்யலாம் என்றார். பிறகு, எத்தனை நாளாகக் கட்டி இருக்கிறது என்று கேட்டார்.

"ஒரு மாசம்" என்றாள் தேவி. வீட்டுக்காரரைக் காப்பாற்றப் பார்த்தாள்.

"இல்ல டாக்டர். அஞ்சு மாசம்" என்றார் குணா. "எனக்குத் தெரியும்."

டாக்டர் எழுதிக்கொண்டே, அப்போதே வந்திருந்தால் நல்லது, சரி, இப்போதாவது வந்தீர்களே என்றார். கோபமே இல்லாமல்தான் சொன்னார். நாங்கள் மூன்று பேரும் தரையைப் பார்த்தோம். அந்த அஞ்சு மாசத்தில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்று டாக்டருக்குத் தெரியாது. அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

வெளியே வந்ததும் குணாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். "மன்னிச்சிருங்கண்ணே. அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

"விடுங்க மிஸ்ஸி. நானும் வீம்புக்கு எழுந்து போயிட்டேன். இன்னொரு வார்த்த கேட்டிருந்தா என்ன அடிச்சா வெரட்டியிருப்பீங்க?"

விரட்டியிருப்பேனோ என்னவோ. அன்றைக்கு இருந்த குஷியில் இன்னும் ஒரு ஜோக் அடித்திருப்பேன்.

5. ஒட்டுக்கடை

ஓய்வு பெறும் வரைக்கும் எனக்கு ஒரு வருடம் பாக்கி இருந்தது. அந்த வருடம் பொம்பளைகளைத் தனியாகப் பார்ப்பதை நான் விடவில்லை. சிஸ்டர் சொன்னது தப்பில்லை, பொம்பளைகளுக்குத் தனியாகப் பேச ஓர் இடம் வேண்டும். அதை முடித்துவிட்டு, "வீட்டுக்காரர கூப்பிடவா?" என்று அவளிடம் கேட்பேன். சரி என்றால் நானே ஒட்டுக்கடைக்கு நடந்துபோய்க் கூப்பிடுவேன். சில செவ்வாய்க்கிழமை டின்னையும் கையோடு எடுத்துக்கொண்டு போவேன். "அண்ணே, இதுல கட்டி எங்க இருக்கு, கண்டுபிடிங்க பாப்போம்." முதலில் கெக்கெக்கே என்று சிரிப்பார்கள். ஒருத்தன், "மிஸ்ஸி, ஒங்களுக்கு மாலுவே கெடையாதா?" என்பான். பால் கொடுத்த பொம்பளைக்கு இது வராதே என்பான் இன்னொருத்தன். வரும்டா என்று உட்கார்ந்து சொல்வேன். ஒரு முறை ஒருத்தர் அமுக்கிப் பார்த்துவிட்டு, தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு, மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். அடுத்த செவ்வாய் பெண்டாட்டியோடு வந்தார். நல்லவேளை, அது வெறும் நீர்க்கட்டி.

கிளினிக்குப் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். வாசலில் ஒருத்தன் தயங்கி நின்றால், அவன் வாயில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். முதலில் அதைக் கேளுங்கள். ஜோக் அடிப்பதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

நேற்று சாயங்காலம் குணா ஃபோன் பண்ணினார். "மிஸ்ஸி, நாளைக்கு ரிசல்ட்டு. இவ உள்ள வர மாட்டாளாம். பயமா இருக்காம். பெஞ்சுல உக்காந்துக்கிறாளாம், என்ன மட்டும் போய்க் கேட்டுட்டு வரச் சொல்றா."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "ஆகாதுண்ணே! ரெண்டு பேரும் உள்ள போங்க. மிஸ்ஸி சொன்னாங்கன்னு அவகிட்ட சொல்லுங்க" என்று கத்தினேன்.

இதோ, இப்போதுதான் ஃபோன் அடித்தது. குணா என்று நினைத்து எடுத்தேன். தேவி.

"மிஸ்ஸி, உள்ள வந்துட்டோம். டாக்டர் இன்னும் வரல. இவரு கை ஐஸ் மாதிரி இருக்கு, நான்தான் புடிச்சிட்டு இருக்கேன். ஆ, டாக்டர் வாராங்க, அப்புறம் பேசுறேன்."

வைத்துவிட்டாள். அவர்கள் இரண்டு பேரும் உள்ளே இருக்கிறார்கள். நான்தான் வெளியே காத்திருக்கிறேன்.